முப்பத்தோரு பேர் அழுத்திய பட்டன்

லோவெல் ஹெண்டர்ஷாட் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பெட்டினா கைப்பர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனி தரைவிரிப்பில் உதிர்ந்தது. வடக்கே மெக்கினா பாலத்துக்கு அப்பால் ஒரு சின்னக் கல்லூரியில் அவள் துணைப் பேராசிரியை. வருவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டு வருகிறவள். இன்று விடிவதற்கு முன்பே கிளம்பி ஏழு மணி நேரம் தனியாக ஓட்டி வந்திருந்தாள்.

"தேதிய மாத்திக் குடுங்க, லோவெல்," என்றாள்.

"எந்தத் தேதிய? முதல்ல உக்காரு. கோட்டக் கழட்டு."

"உக்கார வரல. நேத்து மாநிலக் குழுவுலேர்ந்து தகவல் வந்துது. என் ஆய்வு உங்க பதிவேட்டுலயே இல்லையாம். போய்ப் பாத்தா நிஜமாவே இல்ல. வரைவுன்னு கெடக்கு. ரெண்டரை வருஷமா வரைவுன்னு கெடக்கு!"

லோவெல் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

அந்தப் பதிவேடு அவர் பெற்ற பிள்ளை மாதிரி. பத்தொன்பது வருடம் மூன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்தவர் அவர். அந்தக் காலத்தில் இரண்டு முறை, 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று பெட்டியின் மேல் அச்சடித்த புதிய வாசிப்புப் பாடத்திட்டத்தை அவர் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டாவது முறை, ஓரளவு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் திக்க ஆரம்பித்தார்கள். விசாரித்துக்கொண்டே போனதில் பல வருடம் கழித்து அவருக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பாடத்திட்டத்தை வைத்து ஆறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஐந்தில் பலனே இல்லை. ஆறாவதைத்தான் ஊருக்குக் காட்டினார்கள். மற்ற ஐந்தும் யாருடைய அலமாரியிலோ தூங்கின.

வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தின் தரவுக் காப்பகத்தில் சேர்ந்தார். யார் யாரையோ கெஞ்சி, எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து, 2014 கோடையில் பதிவேட்டைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களில் ஆய்வு செய்யப் போகிற யாரும் முன்கூட்டியே அதில் எழுதிவிட வேண்டும்: எந்தப் பிள்ளைகள், எந்தத் தேர்வு, என்ன நடந்தால் வெற்றி என்று ஒப்புக்கொள்வேன். எழுதி அனுப்பியதும் தேதியோடு பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு யாராலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. எவரும் போய்ப் பார்க்கலாம்; ஆய்வு தோற்றாலும் மறைக்க வழியில்லை. அதன் கேள்விகளை எழுத வாரக்கணக்கில் தொலைபேசியில் உதவியவள் பெட்டினா. முதலில் பதிந்தவர்களில் ஒருத்தி என்று அவரும் நினைத்திருந்தார், அவளும் நினைத்திருந்தாள்.

அவள் ஆய்வு பஸ் டிரைவர்களைப் பற்றியது. வடக்கே பள்ளி பஸ் ஓட்டுகிறவர்களுக்குக் காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே வேலை கிடையாது. அவர்களையும் சமையலறைப் பெண்களையும் கூட்டிப் பயிற்சி கொடுத்தாள். வாசிப்பில் பின்தங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் இருபது நிமிடம் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைப்பார். இருபத்தாறு பள்ளிக்கூடங்களில் சீட்டுக் குலுக்கிப் பாதியில் மட்டும் நடத்தினாள். இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளைகள், படித்ததைப் புரிந்துகொள்வதில் மற்றவர்களைவிட அரை வருடப் படிப்பு முன்னால் போயிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை குழு கூடுது," என்றாள் பெட்டினா. "பதிவேட்டுல முன்கூட்டியே பதிஞ்ச ஆய்வா இருந்தாத்தான் பள்ளிக்கூடம் அதுக்கு மாநில உதவிய செலவு பண்ணலாம். அந்த விதிய யார் கொண்டுவந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நான்தான் போய்ப் பேசினேன்."

"நீங்கதான். டை கட்டிட்டுப் போய்ப் பேசினீங்க. டிவில பாத்துட்டு நான் கை தட்டினேன். இப்ப ஜூனோட எல்லாத்தையும் மூடச் சொல்லிடுவாங்க. நாப்பது டிரைவர் இருக்காங்க லோவெல். முந்நூறு பிள்ளைங்க."

"நீ பட்டன அழுத்தலையா?"

"அழுத்தினேன்! செப்டம்பர் ஒம்போதாம் தேதி. கடைசி கேள்விக்கு நானே எழுதின பதில நானே ரெண்டு தடவை படிச்சுட்டு அழுத்தினேன். எனக்கு எண் கூட வந்துது. அது வரைவு எண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லோவெல் ரொட்டியைக் காகிதத்தில் திருப்பிச் சுற்றினார். பிறகு, "தேதிய என்னால மாத்த முடியாது, பெட்டினா," என்றார். "உனக்கு மாத்தினா அது பதிவேடே இல்ல. வெறும் நோட்டு."

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

லோவெல் எழுந்துபோய், அடுத்த அறையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருந்த கோல்பியைக் கூப்பிட்டார். பதிவேட்டின் கணினி வேலை முழுவதையும் அந்த இளைஞன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "இவ வரைவுக்கு என்ன ஆச்சுன்னு பாரு. சர்வர் குறிச்சு வச்சிருக்கறது அத்தனையும் எடு."

கோல்பிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பாஸ், இது நம்ம தலையில வந்து விழுது," என்றான். "இவங்க அழுத்தியிருக்காங்க. செப்டம்பர் ஒம்போது, சாயங்காலம் நாலு பதினேழு. அழுத்தினதும் நாம ஒரு மின்னஞ்சல் அனுப்புவோம்ல, அதுல இருக்கற இணைப்பத் தொட்டாத்தானே பூட்டு விழும்? அந்த அஞ்சல் இவங்க காலேஜுக்குப் போய்ச் சேரவே இல்ல. குப்பைன்னு வாசல்லயே தள்ளிட்டாங்க."

"இவளுக்கு மட்டுமா?"

"முப்பத்தோரு பேருக்கு."

"அழுத்தினதும் திரையில என்ன வந்திருக்கும்?" என்று கேட்டார் லோவெல். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

கோல்பி தரையைப் பார்த்தான். "'உங்கள் ஆய்வு கிடைத்தது. நன்றி.'"

முதலில் கோல்பி வேறு மாதிரி எழுதியிருந்தான்: 'இன்னும் முடியவில்லை. மின்னஞ்சலைப் பாருங்கள்.' மிரட்டுகிற மாதிரி இருக்கிறது, வந்தவர்களைக் கொஞ்சம் மரியாதையாக வழியனுப்பலாமே என்று அதை அடித்துவிட்டு, அந்த நன்றியை எழுதியவர் லோவெல்.

பெட்டினா அழவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கோல்பி ஓர் அடி பின்வாங்கினான். "அப்ப சரியாப் போச்சு! தப்பு உங்களோடது. நான் அழுத்தினதுக்கு அத்தாட்சி இருக்கு. அந்தத் தேதியப் போட்டுடுங்க, நான் கிளம்பறேன்."

"இன்னொண்ணு இருக்கு," என்றான் கோல்பி. "பூட்டு விழாததால வரைவு தெறந்தே இருந்திருக்கு. போன நவம்பர்ல இவங்க உள்ள போய் ஏதோ மாத்திச் சேமிச்சிருக்காங்க."

போன நவம்பருக்குள் ஆய்வு முடிந்து முடிவுகள் கைக்கு வந்துவிட்டிருந்தன.

"என்னத்த மாத்தியிருக்கா?" என்றார் லோவெல்.

"தெரியல பாஸ். வரைவுதானேன்னு பழசச் சேத்து வைக்கல. புதுச அது மேலேயே எழுதிடும். காப்புப் பிரதியும் மூணு மாசத்துக்கு மேல வைக்கறதில்ல."

"என் ஃபோன் நம்பர்!" பெட்டினாவின் குரல் கிறீச்சிட்டது. "பழைய நம்பர் இருந்துது. அறிக்கையில போட பதிவு எண்ணைத் தேடி உள்ள போனேன், பழைய ஃபோன் நம்பர் கண்ணுல பட்டுது, மாத்தினேன். அவ்வளவுதான். பூட்டாம இருக்குன்னே எனக்குத் தெரியாது, நம்பர மட்டும் மாத்த விடறாங்க போலன்னு நெனச்சேன்."

லோவெல் அவள் ஆய்வின் காகிதங்களைப் புரட்டினார். பிள்ளைகளுக்கு இரண்டு தேர்வுகள் வைத்திருக்கிறாள். ஒன்று, சொற்களைத் தனியாக வாசிப்பது; அதில் பெரிதாக முன்னேற்றம் இல்லை. இன்னொன்று, படித்ததைப் புரிந்துகொள்வது. அதில்தான் அந்த அரை வருடம். வெற்றியை இரண்டாவது தேர்வை வைத்தே சொல்வேன் என்று வரைவில் இப்போது எழுதியிருக்கிறது. அவள் கல்லூரியின் அனுமதிக் கடிதத்தில் 'இரண்டு வாசிப்புத் தேர்வுகள்' என்று பொதுவாக மட்டுமே இருந்தது. எது முக்கியம் என்று வேறெங்கும் எழுத்தில் இல்லை.

அவர் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டார். "பெட்டினா, வெற்றிக்கான அந்தக் கேள்விய நீ தொடலைல்ல?"

அவள் அவரையே பார்த்தாள். அந்தக் கேள்வியை அந்தப் படிவத்தில் வைக்கச் சொன்னதே அவள்தான்.

"நீங்களா கேக்கறீங்க?" என்றாள் கடைசியில். "வேற யாரு வேணும்னாலும் கேக்கட்டும். நீங்களா?"

"நான் நம்பறேன். என்னால காட்ட முடியலையேன்னுதான்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். காரை எடுக்கவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. மாலை வரை வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்ததை லோவெல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை காபி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு முறையும் அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

மறுநாள் காலை அவள் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. லோவெல் பதிவேட்டுக் குழுவின் தலைவி ஹேரியட் ஸ்போல்டிங்கைத் தொலைபேசியில் அழைத்து, பெட்டினாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். முழுவதையும் சொன்னார்.

"வியாழக்கிழமை பல்கலைக்கழகத்துல ஓட்டெடுப்பு இருக்கு, தெரியும்ல?" என்றாள் ஹேரியட். "பதிவேடு இருக்கணுமா வேண்டாமான்னு. சோதனைக் காலம் முடியுது. இன்னிக்குப் போய் முப்பத்தோரு பேர் ஆய்வத் தொலைச்சுட்டோம்னு சொல்லப் போறியா?"

"சொல்லாம என்ன பண்றது?"

"அவங்க அழுத்தின தேதி உன் சர்வர்ல இருக்கு. சத்தமில்லாம அந்தத் தேதியில ஏத்திடு. முப்பத்தோரு பேருக்கும். பிழை திருத்தம்னு வச்சுக்கோ."

பெட்டினா நிமிர்ந்தாள்.

"அதுல பத்தொம்பது பேர் அப்புறமா உள்ள போய் எதையோ மாத்தியிருக்காங்க, ஹேரியட்," என்றார் லோவெல். "என்ன மாத்தினாங்கன்னு நமக்குத் தெரியாது."

"யாரு பாக்கப் போறா?"

"பாக்கறதுக்குத்தானே இத வச்சோம்."

"லோவெல், நீ வாத்தியார் வேலைக்கே லாயக்கு. பத்து வருஷ உழைப்பு. உன்னோடது மட்டும் இல்ல, என்னோடதும். ஒரு நன்றி சொல்லப் போய் மொத்தத்தையும் குழியில தள்ளாத." அவள் வைத்துவிட்டாள்.

பெட்டினா மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்தாள். "அவங்களே சொல்லிட்டாங்க. மேலேயே சொல்லிட்டாங்க. நீங்க திருடல, யாரையும் ஏமாத்தல. நடந்தத நடந்த தேதியில எழுதறீங்க. நான் மண்டி போடணுமா? போடறேன்."

"வேண்டாம்."

"என் வேலை போகட்டும், அது கெடக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கு வருஷம் திரும்ப வராது லோவெல். இப்ப படிக்கலேன்னா அப்புறம் படிக்காது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். அதற்காகவே வகுப்பறையை விட்டு வந்தவர். அந்த ஒரு நிமிடத்தில் அவர் கோல்பியைக் கூப்பிட்டு 'ஏத்திடு' என்று சொல்லியிருந்தால், அது பொய்யாகக்கூட இருந்திருக்காது. அதுதான் அவரை வாட்டியது. பெட்டினாவுக்கு அது உண்மை. மற்றப் பதினெட்டுப் பேரில் யாருக்கு உண்மை, யாருக்கு இல்லை? அந்தப் பதினெட்டில் ஒரே ஒருத்தர் முடிவைப் பார்த்தபிறகு கேள்வியைத் திருத்தியிருந்தாலும், 'நிரூபிக்கப்பட்டது' என்ற பெட்டி மறுபடியும் ஏதோ ஒரு மூன்றாம் வகுப்பில் வந்து இறங்கும். இந்த முறை அதன்மேல் அவருடைய பதிவேட்டின் எண் இருக்கும்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அன்று மதியம் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டார். முப்பத்தோரு ஆய்வுகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே பட்டன் அழுத்திய நாள். பிறகு திறந்து சேமித்திருந்தால் அந்த நாள். என்ன மாறியது என்பது தெரியாது என்ற குறிப்பு. அடியில், தவறு பதிவேட்டினுடையது, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டார். பட்டியலில் பெட்டினா கைப்பர் நான்காவது.

"என் பேர்ல அந்த நவம்பர் வரிய மட்டும் விட்டுடலாமே," என்று கடைசியாக ஒரு தடவை கேட்டாள். அவர் அந்த வரியை அழிக்கவில்லை. அவள் புரிந்துகொண்டு கிளம்பினாள்.

வியாழக்கிழமை பதிவேடு ஓர் ஓட்டில் பிழைத்தது. நடத்துகிறவரை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமை மாநிலக் குழு பெட்டினாவின் ஆய்வை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டது. 'முன்பதிவு உறுதிப்படவில்லை' என்று இரண்டே வார்த்தை.

திங்கட்கிழமை லோவெல் பாலத்தைக் கடந்து வடக்கே போனார். யாரும் போகச் சொல்லவில்லை. பஸ் கொட்டகையில் டிரைவர்களும் சமையலறைப் பெண்களுமாகப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். நீளமேஜையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டிகளிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சுவரோரம் பெட்டினா நின்றிருந்தாள். அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். எளிமையாகச் சொல்ல முயன்று பாதியில் சிக்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டும் ஆர்டிஸ் நியேமி கையை உயர்த்தினாள்.

"வாத்தியாரே, இத்தனை கதை வேண்டாம். நாங்க சொல்லிக்குடுத்தது பிள்ளைங்களுக்கு ஏறிச்சா, ஏறலையா? அத மட்டும் சொல்லுங்க."

"ஏறிச்சுன்னு நான் நம்பறேன்."

"நீங்க நம்பறீங்க. காகிதம் என்ன சொல்லுது?"

"சொல்ல முடியாதுங்குது."

"ஏன்?"

"நாங்க கதவச் சரியாப் பூட்டல. நடுவுல யாராவது உள்ள போனாங்களா இல்லையான்னு சொல்ல முடியல."

"பூட்டு உங்களோடது," என்றாள் ஆர்டிஸ். "களவு போனது மட்டும் எங்களோடதா?"

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். சமையலறைப் பெண்களில் ஒருத்தியான டோட்டி எழுந்து, "எங்கிட்ட ஒரு பொண்ணு இருக்கா. போன வாரம்தான் முதல் தடவையா ஒரு புத்தகத்த முழுசா முடிச்சா. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

லோவெல் டோட்டியின் பக்கம் திரும்பினார்.

"எதுவும் சொல்லாத," என்றாள் ஆர்டிஸ் அவளிடம். "ஜூன் வரைக்கும் படிக்க வை. அப்புறம் எனக்குத் தெரியாது. ஓசியில செய்ய எனக்கும் ஆசைதான். குளிருக்கு வீட்டச் சூடாக்கக் காசு வேணுமே." பிறகு ஒரு பேஸ்டியைக் காகிதத்தில் சுற்றி லோவெலிடம் நீட்டினாள். "சாப்பிட்டுப் போங்க. அவ்வளவு தூரம் வந்து சொன்னீங்கல்ல, அதுக்கு."

வெளியே பெட்டினா அவருடைய கார் வரை கூட வந்தாள்.

"நீங்க பொய் சொல்லியிருந்தா நான் உங்கள மன்னிச்சிருப்பேன்," என்றாள். "இதுக்கு உங்கள எப்படி மன்னிக்கறதுன்னு தெரியல."

"எனக்கும் தெரியல."

"தெரியலேன்னா சும்மா இருங்க." அவள் திரும்பி நடந்தாள்.

அந்தக் கோடையில் கல்லூரி அவளுடைய வேலையை நீட்டிக்கவில்லை. விஸ்கான்சினில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள் என்று கோல்பி மூலம் தெரிந்தது. பிள்ளைகளைப் படிக்க வைப்பது நின்றுபோனது; பஸ் கொட்டகையின் நீளமேஜையை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்கள். லோவெல் பதிவேட்டில் சாதாரண எழுத்தராக நீடித்தார். புதிதாக வந்த மேலாளர் அவருக்கு ஒரு வேலையும் கொடுக்காததால், தானே ஒன்றை எடுத்துக்கொண்டார். பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது.

சிலர் திட்டினார்கள். ஒருவர் கேட்டுவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார். ஒருவர், 'நானே மறந்துட்டேன், விடுங்க' என்றார். பெட்டினாவின் எண்ணுக்கு மூன்று நாள் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

இருபத்துமூன்றாவது எண் கேன்சாஸில் ஒரு வீடு. வயதான ஆண்குரல் எடுத்தது. ஆய்வைப் பதிந்த பெண்மணி போன வருடம் இறந்துவிட்டாளாம்; பேசுவது கணவர். லோவெல் தடுமாறி மன்னிப்புக் கேட்டுவிட்டு வைக்கப் போனார்.

"இருங்க, இருங்க," என்றார் அந்த மனிதர். "என்ன ஆய்வு அது? எங்கிட்ட அவ சொன்னதே இல்ல. கேட்டா உனக்குப் புரியாதும்பா."

"பின்னம் சொல்லிக்குடுக்கறதப் பத்தி. கயித்த மடிச்சு மடிச்சுச் சொல்லிக்குடுத்தா பிள்ளைங்களுக்குப் புரியுதான்னு பாக்கறது. பத்துப் பள்ளிக்கூடத்துல."

"கயிறா?" மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "அதான் வீடு பூரா கயிறு கெடந்துது. அவ அதுல என்ன எழுதியிருக்கா? படிச்சுக் காட்ட முடியுமா?"

"முழுசாவா? நாலு பக்கம் இருக்கு."

"எனக்கு வேற வேலை இல்ல," என்றார் அவர். "ஒரு நிமிஷம், பேனா எடுத்துக்கறேன்."

லோவெல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.